கோவிவனும் குவியும்

காஞ்சிபுரத்துக்கு வருகிறவர்கள் மூன்று காரியங்களுக்காக வருகிறார்கள். சுவாமி தரிசனம் ஒன்று. பட்டுப் புடவை ஒன்று. இரண்டுக்கும் நடுவில் பசி எடுத்தால் காஞ்சிபுரம் இட்லி ஒன்று. சரித்திரத்தில் பற்றுள்ள சிலர் மட்டும் கைலாசநாதர் கோயிலில் சற்று நின்று, பல்லவர்களைப் பற்றி நாலு வார்த்தை கேட்டுப் போவார்கள். இத்தனை வருஷங்களில் ஒருவராவது என்னிடம் பல்லவர் காலத்து நாயைப் பற்றி விசாரித்ததில்லை. ஆகையால் கேட்காமலே நான் சொல்லிவிடுகிறேன்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்று ஓர் ஊர். மகேந்திரவர்ம பல்லவன் ஆண்ட காலத்தில், அதாவது 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், அங்கே மாடுகளைக் கவர வந்தவர்களோடு ஒரு சண்டை நடந்தது. மாடுகளை மீட்கப் போன வீரன் மாண்டான். அவனுக்கு நடுகல் நட்டார்கள். இதில் அதிசயம் ஒன்றுமில்லை. அந்தப் பக்கத்தில் நடுகற்களுக்குக் குறைவே கிடையாது. ஆனால் இந்தக் கல்லில் வீரனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன் என்றும், அது கள்வரைக் கடித்துக் காவல் நின்றது என்றும் கல்வெட்டுச் சொல்கிறது. எத்தனையோ சிற்றரசர்களின் பெயர் மண்ணோடு மண்ணாகிவிட, ஒரு நாயின் பெயர் 1,400 ஆண்டுகளாக நிலைத்து நிற்கிறது!

கோவிவனை எனக்கு நினைவூட்டியது இன்னொரு நாய். அதன் பெயர் குவி.

2020 ஆகஸ்டு 6-ஆம் தேதி இரவு, மூணாறுக்கு அருகே ராஜமலையை ஒட்டிய பெட்டிமுடியில், கொட்டுகிற மழையில் மலை சரிந்தது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த லயங்கள் மண்ணுக்குள் போயின. அங்கே இருந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். கயத்தாறு வட்டாரத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் மலையேறிய குடும்பங்கள். 82 பேரில் 12 பேர் பிழைத்தார்கள். மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போயிருந்தபடியால், மறுநாள் காலையில்தான் செய்தி வெளியே எட்டியது.

தேசியப் பேரிடர் மீட்புப் படை வந்தது; போலீஸ் நாய்கள் வந்தன; பூமிக்குள் ஊடுருவிப் பார்க்கும் ராடாரும் வந்தது. வெள்ளம் பலரைக் காட்டாற்றின் வழியே வெகுதூரம் அடித்துப் போயிருந்தது. எட்டாவது நாள், யாரும் ஏவாமல் ஆற்றோரமே போன வீட்டு நாய் ஒன்று, தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றது. தேடியவர்கள் அருகே போய்ப் பார்த்தார்கள். அந்த நாயோடு விளையாடிய 2 வயதுக் குழந்தை அங்கே, ஒரு மரத்தில் சிக்கிக் கிடந்தது. அந்த நாய்தான் குவி. போலீஸ் நாய்ப் படையில் சில காலம் வளர்ந்த பிறகு, உயிர் பிழைத்த பாட்டியிடமே அது திரும்பிப் போய்ச் சேர்ந்தது.

நாய்க்கு எப்படித் தெரிந்தது? மனிதனின் மூக்கில் வாசனையை உணரும் அணுக்கள் சுமார் 50, 60 லட்சம். நாயின் மூக்கில் 20 கோடிக்கும் மேல். நம் உடம்பிலிருந்து கண்ணுக்குத் தெரியாத தோல் துகள்கள் ஓயாமல் உதிர்கின்றன. காற்று அவற்றை ஏந்திப் போகிறது. ஊதுவத்திப் புகை போல, போகப் போக அகலமாகிறது. பழகிய நாய் அந்த அகலத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, எதிர்க்காற்றில் குறுக்கும் நெடுக்குமாக ஓடி, புகை கிளம்பிய இடத்துக்கே வந்துவிடும்.

இவ்வளவு கெட்டிக்கார நாயிடம் ஒரு குறை உண்டு. அதற்குச் சொல்லத் தெரியாது. "அண்ணே, கிழக்குச் சரிவைப் பார்த்துவிட்டேன், மேற்குப் பள்ளம் பாக்கி" என்று கணக்கு ஒப்பிக்காது. அடர்ந்த காட்டில் அது கண்ணை விட்டு மறைந்துவிட்டால், அது எங்கே போயிற்று என்பது அதை ஏவியவருக்கும் தெரியாது.

இந்தக் கணக்கை வைக்கத்தான் ஆகாயத்திலிருந்து ஒரு குமாஸ்தா வந்து சேர்ந்தது. அதன் வரலாறும் துக்கத்தில் பிறந்ததுதான். 1983 செப்டம்பர் 1-ஆம் தேதி, தென் கொரியப் பிரயாணி விமானம் ஒன்று வழி தவறிச் சோவியத் எல்லைக்குள் புகுந்தது. அதைச் சுட்டு வீழ்த்தினார்கள். 269 பேர் மாண்டார்கள். அதன் பிறகுதான், அமெரிக்க ராணுவம் தனக்கென்று அமைத்துவந்த ஜி.பி.எஸ். என்னும் துணைக்கோள் வழிகாட்டியைப் பொதுஜனங்களுக்கும் திறந்துவிடுவதாக ஜனாதிபதி ரீகன் அறிவித்தார். அப்போதும் வேண்டுமென்றே பிழையைக் கலந்து, 100 மீட்டர் வரையில் தவறும்படிதான் கொடுத்தார்கள். 2000 மே மாதத்தில் அந்தப் பிழையை நீக்கினார்கள். நம் தேசமும் 2013 முதல் சொந்தத் துணைக்கோள்களை ஏவி 'நாவிக்' என்னும் ஏற்பாட்டை அமைத்தது.

சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஜி.பி.எஸ். துணைக்கோள்கள் மணி சொல்கின்றன. நான்கின் குரலாவது காதில் விழுந்தால்தான் நாம் நிற்கும் இடம் தெரியும். ஆனால் காட்டில் அந்தக் குரல் தடுமாறும். நனைந்த இலைக் கூட்டம் அதை விழுங்கும். மலைச் சுவர் எதிரொலித்து இடத்தை மாற்றிக் காட்டும். வேட்டைக்காரர்களுக்காகச் செய்த கழுத்துப்பட்டைக் கருவியை இப்போது தேடும் நாய்களுக்கும் கட்டுகிறார்கள். நாய் ஓடிய வழியெல்லாம் ஏவியவர் கையிலுள்ள கருவியில் கோடு கோடாக விழுகிறது. காட்டில் சில மீட்டர் தவறினாலும் பாதகமில்லை. பார்க்க வேண்டியது கோடுகளை அல்ல. கோடு விழாத வெற்றிடத்தை.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் விஞ்ஞானி அல்லர். பிள்ளையார்பாளையத்து நெசவாளர் ஒருவர். ஆறு வயதில் நான் வரதராஜப் பெருமாள் கருட சேவைக் கூட்டத்தில் தொலைந்துபோனேன். என் தகப்பனார், சித்தப்பா, பக்கத்து வீட்டு மாமா என்று நாலு பேர் தேடினார்கள். நாலு பேரும் கூட்டம் போன ராஜ வீதிகளிலேயே மாறி மாறி ஓடினார்கள். நானோ, ஒரு வீட்டுத் தறிக் குழியின் ஓரத்தில் உட்கார்ந்து, நாடா ஓடுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். பொழுது சாய, அந்த வீட்டுக்காரரே என்னைக் கொண்டுவந்து விட்டார்.

"மூலை முடுக்கெல்லாம் தேடினோமே!" என்றார் என் தகப்பனார்.

"தேடின தெருவையே தேடியிருக்கீங்க, ஐயா. துணியை வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சாத்தான் இழை விட்ட இடம் தெரியும்" என்றார் அவர்.

பெட்டிமுடியில் 66 பேரின் உடல்கள் கிடைத்தன. நான்கு பேர் கிடைக்கவே இல்லை. எந்தத் தேடலும் ஒரு நாள் நின்றுதான் ஆக வேண்டும். நிற்கும்போது, காத்திருக்கும் தாயிடம் "கிடைக்கவில்லை" என்று சொன்னால், அவள் மனம் அந்த மலையை ஆயுசு முழுவதும் தேடிக்கொண்டிருக்கும். "இந்த இடங்களிலெல்லாம் பார்த்தோம், அம்மா, விட்ட இடம் இல்லை" என்று படத்தை விரித்துக் காட்ட முடிந்தால், அழுது முடிக்கவாவது அவளுக்கு ஓர் உரிமை கிடைக்கும். அந்தப் படம் நாயும் துணைக்கோளும் சேர்ந்து வரைய வேண்டியது. தனித் தனியே இரண்டாலும் ஆகாது.

எங்கள் ஊருக்கு அருகே அரக்கோணத்தில் மீட்புப் படையின் நான்காம் பட்டாலியன் இருக்கிறது. அந்தப் பக்கம் ரயிலில் போகும்போதெல்லாம் கோவிவனை நினைத்துக்கொள்கிறேன். அது காவல் நின்றதைச் சொல்ல ஒரு கல்லாவது இருக்கிறது.