ஆள் கட்டிய கங்காணி

சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘கண்காணி’ என்றால் கோயில் காரியங்களை மேற்பார்த்தவர். கடல் கடந்து ‘கங்காணி’ என்று மருவிய பிறகு அந்தச் சொல்லுக்கு இன்னொரு வேலையும் சேர்ந்தது: தோட்டத்துக்கு ஆள் கட்டுவது.

இலங்கை மலைநாட்டுக் காப்பித் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது பெரும்பாலும் பழம் பறிக்கும் சில மாதங்களுக்குத்தான். சம்பளத்துக்கு ஆள்சேர்ப்பவர் ஒருவரை ஆண்டு முழுதும் வைத்திருப்பது தோட்டத் துரைகளுக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே தோட்டத்திலேயே வேலை செய்த ஒருவரிடம் முன்பணம் கொடுத்துத் தமிழகத்திலுள்ள அவர் ஊருக்கு அனுப்பினார்கள். அவர் தம் உறவிலும் சாதியிலும் கடனில் தவித்தவர்களைத் திரட்டி, தலைமன்னாரிலிருந்து காட்டுவழியே மாத்தளைக்கு நடத்திக் கூட்டிப்போனார். பறிப்பு முடிந்ததும் பலரும் ஊர் திரும்பினார்கள். 1869இல் தோன்றிய இலைநோய் காப்பியை அழித்தது. அடுத்து வந்த தேயிலைக்கோ ஆண்டு முழுதும் கொழுந்து பறிக்க ஆள் வேண்டும். கூட்டி வந்தவர்கள் வரிசை வீடுகளான லயங்களில் தங்கிவிட, கங்காணியும் நிலைத்துவிட்டார். வேலைக்கு வந்த ஆள் ஒன்றுக்கு நாள்தோறும் அவருக்குத் தலைக்காசு உண்டு.

வழிச்செலவும் முன்பணமும் தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறின. வேறு தோட்டத்துக்குப் போவதென்றால் ‘துண்டு’ வேண்டும். இத்தனை பேருக்கு இவ்வளவு கடன், அதைக் கட்டினால் ஆட்களை விடுவிக்கிறோம் என்று துரை எழுதிக் கொடுத்த சீட்டு அது. புதிய துரை பழைய கடனைக் கட்டினார்; கடன் தீரவில்லை, இடம்தான் மாறியது. இந்தத் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது 1921இல்.

மலாயாவில் கங்காணியின் பணி இதைவிடத் தற்காலிகமானது. 1907இல் உருவான குடியேற்ற நிதிக்கு இந்தியத் தொழிலாளரை வைத்திருந்த முதலாளிகள் எல்லோரும் பணம் கட்டினார்கள். கப்பல் செலவு அதிலிருந்து போனது. தாம் செலவு செய்து வரவழைத்த ஆளை அடுத்த தோட்டம் இழுத்துக்கொள்கிறது என்ற புலம்பலுக்கு அது மருந்து. 1910இல் ஒப்பந்தக்கூலி ஆள்சேர்ப்பு நின்றதும் கங்காணி முறையே முதன்மை வழியானது.

தோட்டத்துக்கு ஆள் குறைந்தால் மேலாளர் தம் தொழிலாளி ஒருவருக்கு உரிமச்சீட்டு கேட்டு விண்ணப்பிப்பார். எத்தனை பேரைச் சேர்க்கலாம் என்பது சீட்டிலேயே இருக்கும். பினாங்கில் பதிந்த சீட்டோடு அவர் நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ இறங்கி, மலாய அரசின் முகவரிடம் அதைக் காட்டிவிட்டுச் சொந்த ஊருக்குப் போவார். புதுக்கோட்டும் தலைப்பாகையும் கடுக்கனுமாகத் தெருவில் நடந்தாலே போதும், தனியாக விளம்பரம் தேவையில்லை. சேர்ந்தவர்களின் பெயர்களுக்குக் கிராம முன்சீப் ஒப்பமிட வேண்டும். பிறகு நாகப்பட்டினம் அல்லது ஆவடி முகாம், அங்கிருந்து கப்பல். கொண்டுவந்த ஆள் கணக்குக்குத் தரகு வாங்கியதும் சீட்டின் வேலை முடிந்தது. அவர் மறுபடி தோட்டத்துத் தொழிலாளி.

இருந்தாலும் முன்சீப்பின் ஒப்பம், வறட்சியில் கிளம்பியவர் மனமொப்பித்தான் கிளம்பினாரா என்பதை எவ்வளவு சொல்லியிருக்கும் என்பது ஐயமே.

1930இல் மலாயத் தோட்டங்களின் ரப்பர் விலை வீழ்ந்தபோது ஆள்சேர்ப்பை நிறுத்திவிட்டு, இருந்தவர்களையே ஆயிரக்கணக்கில் திருப்பி அனுப்பினார்கள். 1938 ஜூனில் இந்திய அரசு மலாயாவுக்குத் தொழிலாளர் பிறர் செலவில் போகும் உதவிப்பயணத்தைத் தடைசெய்தது. அடுத்த ஆண்டு இலங்கைக்கும் தடை வந்தது. மலைநாட்டில் கொழுந்து பறிப்பவர்களுக்குப் பின்னால் நின்று வேலை வாங்குபவரை இன்றும் கங்காணி என்றே அழைக்கிறார்கள். ஆள் கட்டும் வேலை மட்டும் அவரிடம் இல்லை.