எழுத்தாக மாறிப் போகும் கோப்பு: மின்னஞ்சல் இணைப்பின் வரலாறு

1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் எழுதிய எஸ்.எம்.டி.பி. விதிமுறை, அஞ்சலில் ஏழு பிட் ஆஸ்கி எழுத்துகளை மட்டுமே அனுமதித்தது. ஒரு வரி ஆயிரம் எழுத்துகளைத் தாண்டக்கூடாது. படமும் ஒலியும் எட்டு பிட் பைட்டுகளால் ஆனவை. அவற்றுக்கு அங்கே வழியில்லை. இன்று ஒரு நிரல் கோப்பை இணைக்கும்போது செய்யும் வேலைகளில் பெரும்பாலானவை அந்தக் கட்டுப்பாட்டிலிருந்தே பிறந்தவை.

அதற்கு முன்பே ஒரு வழி இருந்தது. 1980இல் பெர்க்லியில் மேரி ஆன் ஹார்ட்டன் எழுதிய யூஎன்கோட், மூன்று பைட்டுகளை நான்கு எழுத்துகளாக்கியது. ஷெல் நிரலில் அதன் வெளியீட்டை அஞ்சல் கட்டளைக்குத் திருப்பிவிட்டால் கோப்பு கடிதமாகக் கிளம்பிவிடும். ஆனால் அது இடைவெளியையும் நிறுத்தற்குறிகளையும் பயன்படுத்தியது. ஆஸ்கி அல்லாத குறியீட்டு முறை கொண்ட பெருங்கணினிகளைக் கடக்கும்போது அவை சிதைந்தன.

இந்தச் சிதைவை மனத்தில் வைத்து உருவானதுதான் மைம் என்னும் விதிமுறை. பெல்கோர் நிறுவனத்தின் நதானியேல் போரன்ஸ்டைன் 1992 மார்ச் 11 அன்று, தான் பாடிய நால்வர் குழுவின் படத்தையும் பாட்டையும் இணைத்து அனுப்பினார். அவரும் இன்னோசாஃப்ட் நிறுவனத்தின் நெட் ஃப்ரீடும் வகுத்த அந்த விதிமுறை ஜூன் மாதம் வெளியானது. ஒரே கடிதத்தை எல்லைக்கோட்டுச் சரங்களால் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித் தலைப்பு வரிகள் தருவது அதன் அமைப்பு. பேஸ்64 குறியாக்கத்துக்கு எல்லாக் கணினிகளிலும் மாறாமல் நிற்கும் எழுத்துகளையே தேடி எடுத்தார்கள். விலை: கோப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பருத்துவிடும். அந்தக் காலத்துக்கு அது நியாயமான விலைதான்.

நிரலாளர்களுக்கோ பாடு குறையவில்லை. எல்லைச் சரத்தின் முன் இரண்டு கோடுகள், கடைசிச் சரத்தின் பின்னும் இரண்டு. தலைப்புக்குக் கீழே ஒரு வெற்று வரி. அந்த வெற்று வரி விடுபட்டால் பெறுபவருக்கு இணைப்பு ஒழுங்காகத் திறக்காது. பி.எச்.பி. மொழியின் மெயில் செயற்கூறு இன்றும் இணைப்பைக் கவனிப்பதில்லை. 2001இல் வந்த பிஎச்பிமெயிலர் என்ற நூலகம் அந்தக் குறையை நிரப்பியது. அதே ஆண்டின் முடிவில் பைத்தான் 2.2 தனி மின்னஞ்சல் நூலகத்தோடு வந்தது. அதிலும் பகுதியை உருவாக்குவது, குறியாக்குவது, தலைப்பிடுவது எல்லாம் தனித்தனிப் படிகள். 2016இல் வந்த 3.6 பதிப்பில் நிலைபெற்ற புதிய முறையில் ஒரே அழைப்பு போதும்.

நிரல் வழியே இணைப்பு அனுப்பும் வசதியைக் கெடுதலுக்குப் பயன்படுத்தியவர்களும் உண்டு. 2000 மே மாதம் பிலிப்பைன்ஸில் தோன்றிய ‘ஐ லவ் யூ’ புழு ஒரு விபிஸ்கிரிப்ட் நிரல். அவுட்லுக்கை இயக்கி, தன்னையே இணைப்பாக்கி, முகவரிப் பட்டியலில் இருந்தவர்களுக்கெல்லாம் அனுப்பியது. கோப்பின் கடைசி வகைக்குறியை விண்டோஸ் மறைத்துக் காட்டியதால் அது சாதாரண உரைக்கோப்பாகத் தெரிந்தது. நிரல்கள் முகவரிகளைத் தொட்டால் பயனரிடம் அனுமதி கேட்கும் பாதுகாப்பு அதன் பிறகே அவுட்லுக்கில் சேர்ந்தது.

இணைக்கும் கோப்பின் பெயருக்கும் தொடக்கத்தில் சொன்ன அதே ஆஸ்கி தடை இருந்தது. 1997இல் வந்த ஒரு விதிமுறை, பெயரின் ஒவ்வொரு பைட்டையும் சதவீதக் குறியோடு எழுத வழி செய்தது. யூனிகோடில் ‘படம்’ நான்கு குறியீட்டுப் புள்ளிகள், யூடிஎஃப்-8இல் 12 பைட்டுகள். தலைப்பு வரியில் 36 எழுத்துகள். பைத்தானின் புதிய முறையில் தமிழ்ப் பெயரை அப்படியே கொடுத்தால் இந்த மாற்றத்தை நூலகமே செய்துவிடுகிறது.