கூலி ஒரு கணக்கு, வாடகை ஒரு கணக்கு

1893இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியைத் தமிழர்கள் விவேகானந்தரை வைத்துத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதையொட்டிக் கூடிய சர்வ சமயப் பேரவையில்தான் அவர் பேசினார். கண்காட்சிக்கு வந்தவர்கள் பலர் ரயிலேறிப் போய்ப் பார்த்த இடம் இன்னொன்று உண்டு. அது சிகாகோவுக்குத் தெற்கே, கேல்யூமெட் ஏரியோரத்தில் இருந்த புல்மன் நகரம்.

ஜார்ஜ் புல்மன் படுக்கை வசதி கொண்ட சொகுசு ரயில் பெட்டிகளைக் கட்டிப் பெரும் பணக்காரர் ஆனவர். 1880இல் சுமார் 4,000 ஏக்கர் நிலத்தில் தொழிற்சாலையையும், அதையொட்டித் தொழிலாளர்களுக்கு ஓர் ஊரையும் எழுப்பத் தொடங்கினார். செங்கல் வீடுகள், குழாய்த் தண்ணீர், எரிவாயு, பூங்கா, நூலகம், நாடக அரங்கு, மகள் ஃபுளோரன்ஸின் பெயரில் ஓர் ஓட்டல் என்று எல்லாம் வந்தன. சிகாகோவின் நெரிசலான குடியிருப்புகளில் சாக்கடை நாற்றத்தோடு வாழ்ந்தவர்களுக்கு அது வேறொரு உலகம். பத்தாண்டுகளில் அங்கே ஏறத்தாழ 12,000 பேர் குடியிருந்தார்கள்.

ஆனால் புல்மன் இதைத் தர்மமாகச் செய்யவில்லை. அப்படிச் சொல்லிக்கொள்ளவும் இல்லை. ஊருக்குப் போட்ட முதல் ஆண்டுக்கு 6 சதவீதம் ஈட்ட வேண்டும் என்பது அவர் கணக்கு. வீட்டை வாடகைக்கு எடுக்கலாம், விலைக்கு வாங்க முடியாது. நூலகத்துக்குச் சந்தா. பச்சைக் கல்லில் அழகாகக் கட்டிய தேவாலயத்துக்கும் வாடகை. அதைக் கொடுக்க எந்தச் சபைக்கும் கட்டுப்படியாகாததால் தொடக்கத்தில் சில ஆண்டுகள் அது காலியாகவே கிடந்தது! மது ஓட்டலில் மட்டும் கிடைக்கும். அங்கே போகும் வசதி தொழிலாளிக்கு இல்லை. 1885இலேயே ரிச்சர்ட் ஈலி என்ற இளம் பொருளாதார அறிஞர் ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இது நல்லெண்ணம் கொண்ட ஜமீன்தாரி, அமெரிக்கத் தன்மைக்கே ஒவ்வாதது என்ற பொருளில் எழுதினார். வியாபாரம் செழித்திருந்த காலம். யாரும் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கண்காட்சி நடந்த அதே 1893இல் பொருளாதாரம் சரிந்தது. ரயில் நிறுவனங்கள் திவாலாயின, பெட்டிகளுக்கு ஆர்டர் இல்லை. புல்மன் ஆட்களைக் குறைத்தார். மீதிப் பேரின் கூலியைச் சராசரியாகக் கால் பங்கு வெட்டினார். வாடகையில் மட்டும் ஒரு சென்ட்கூடக் குறையவில்லை. கூலி கொடுப்பது ஒரு தொழில், வீடு விடுவது வேறொரு தொழில், இரண்டையும் ஏன் முடிச்சுப் போட வேண்டும் என்பது அவர் வாதம். புத்தகக் கணக்கில் அது சரி. அந்த இரண்டு கணக்கும் ஒரே குடும்பத்தின் சாப்பாட்டுத் தட்டில் வந்து மோதின என்பதுதான் சிக்கல். வாடகை போக 2 சென்டுக்கான காசோலையைப் பெற்ற ஒருவர் அதை மாற்றாமல் சட்டம் போட்டு வைத்திருந்ததாக ஊரின் மெதடிஸ்ட் போதகர் வில்லியம் கார்வர்டின் பதிவு செய்திருக்கிறார்.

பின்னர் அரசு அமைத்த விசாரணைக் குழு கம்பெனியின் கணக்குகளை வெளியே கொண்டுவந்தது. 1893 ஜூலையோடு முடிந்த ஆண்டில் பங்குதாரர்களுக்குப் போன ஈவுத்தொகை 25.2 லட்சம் டாலர்; அடுத்த ஆண்டில் 28.8 லட்சம். அதே காலத்தில் மொத்தக் கூலி சுமார் 72 லட்சத்திலிருந்து 45 லட்சத்துக்கு இறங்கியிருந்தது. பகிர்ந்து கொடுக்காமல் சேர்த்து வைத்த லாபம் வேறு ஏறக்குறைய 2.5 கோடி டாலர். பஞ்சம் வந்தது உண்மை. அது யார் வீட்டுக்கு வந்தது என்பதை இந்த எண்கள் காட்டிவிடுகின்றன.

முறையிடப் போன தொழிலாளர் குழுவில் மூன்று பேர் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டார்கள். மறுநாள், 1894 மே 11 அன்று, வேலைநிறுத்தம் தொடங்கியது. யூஜின் டெப்ஸ் தலைமையிலான அமெரிக்க ரயில்வே சங்கம் நடுவர் பேச்சுக்கு அழைத்தது. பேச எதுவுமில்லை என்று கம்பெனி கதவைச் சாத்தியது. ஜூன் 26 முதல் புல்மன் பெட்டி கோத்த எந்த ரயிலையும் தொடமாட்டோம் என்று சங்கத்தினர் மறுத்துவிட, சிகாகோவிலிருந்து மேற்கே நாட்டின் போக்குவரத்து முடங்கியது. மார்க் ஹன்னா என்ற குடியரசுக் கட்சித் தொழிலதிபரே, ஆட்களோடு பேச மறுக்கும் புல்மனை முட்டாள் என்று திட்டினாராம்.

இந்த இடத்தில்தான் அரசு உள்ளே வருகிறது. அட்டர்னி ஜெனரல் ரிச்சர்ட் ஓல்னி ரயில் கம்பெனிகளின் வழக்கறிஞராக இருந்தவர். சிகாகோவில் அரசுக்காக வாதாட அவர் நியமித்ததும் ஒரு ரயில்வே வக்கீலைத்தான். தபால் தடைபடுகிறது என்ற காரணத்தோடு அவர்கள் கையிலெடுத்த ஆயுதம் 1890ஆம் ஆண்டின் ஷெர்மன் சட்டம். ஏகபோக முதலாளிகளை அடக்க வந்த அந்தச் சட்டத்தைக் காட்டியே தொழிலாளர் சங்கத்துக்கு எதிராக நீதிமன்றத் தடையாணை வாங்கினார்கள். இல்லினாய் ஆளுநர் ஆல்ட்கெல்ட் எதிர்ப்புத் தெரிவித்தும் குடியரசுத் தலைவர் கிளீவ்லாந்து ராணுவத்தை அனுப்பினார். அதன் பிறகுதான் கலவரம் முற்றியது. ரயில் பெட்டிகள் எரிந்தன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அதே கிளீவ்லாந்துதான் சில நாள் முன்பு, ஜூன் 28 அன்று, தொழிலாளர் தினத்தைத் தேசிய விடுமுறையாக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டிருந்தார்.

தடையாணையை மீறியதற்காக டெப்ஸுக்கு ஆறு மாதச் சிறை. 1895இன் முதல் ஐந்து மாதங்களில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்புகளைச் சேர்த்து வாசித்தால் காலத்தின் போக்கு புரியும். நாட்டின் சர்க்கரைச் சுத்திகரிப்பை ஏறக்குறைய முழுதாகக் கையில் வைத்திருந்த நிறுவனத்தை ஷெர்மன் சட்டம் தொடாது என்றது. 4,000 டாலருக்கு மேற்பட்ட வருமானத்துக்கு விதித்த 2 சதவீத வரி செல்லாது என்றது. டெப்ஸின் தண்டனை செல்லும் என்றது.

புல்மன் 1897இல் இறந்தார். ஆத்திரத்தில் யாராவது உடலைத் தோண்டி எடுத்துவிடுவார்கள் என்று பயந்த குடும்பம், ஈயம் பூசிய சவப்பெட்டியைக் கான்கிரீட்டாலும் இரும்புத் தண்டவாளங்களாலும் மூடிப் புதைத்தது. மறு ஆண்டே, ரயில் பெட்டி செய்ய உரிமம் பெற்ற கம்பெனிக்கு ஊரை ஆள உரிமை கிடையாது என்று இல்லினாய் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வீடுகள் படிப்படியாக விற்கப்பட்டன.

இந்தக் கதையில் வழக்கமாக விட்டுப்போகும் ஒரு கூட்டம் உண்டு. புல்மன் பெட்டிகளுக்குள் படுக்கை விரித்து, செருப்புத் துடைத்த போர்ட்டர்கள் கறுப்பினத்தவர்கள். முதல் தலைமுறையில் பலர் அடிமைத்தளையிலிருந்து மீண்டவர்கள். சம்பளம் சொற்பம், பயணிகள் வீசும் சில்லறையை நம்பித்தான் பிழைப்பு. முதலாளியின் பெயரால் ‘ஜார்ஜ்’ என்றே பயணிகள் அவர்களைக் கூப்பிட்டார்கள். அவர்களைச் சேர்த்துக்கொள்ளலாமா என்ற கேள்வி 1894 மாநாட்டில் எழுந்தபோது, டெப்ஸ் மன்றாடியும் சங்கம் சிறிய வாக்கு வித்தியாசத்தில் கதவை அடைத்தது. அவர்கள் ஃபிலிப் ராண்டால்ஃப் தலைமையில் தனிச் சங்கம் கண்டது 1925இல். அந்தச் சங்கத்தோடு கம்பெனி முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட மேலும் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின.