விழுந்த மரத்தின் விலை

தை மாதம் ஐந்தாம் நாள் திருவண்ணாமலை அருணாசலேசுவரர் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும் ஊர் மணலூர்பேட்டை. அங்கே தென்பெண்ணையின் மணலில் கால் புதைய நடந்திருக்கிறேன். இவ்வளவு சாதுவான ஆறு உண்டா என்று தோன்றும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழை கொட்டியபோது, மேலே சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. சாதுவின் கோபத்தைக் கரையோர ஊர்கள் அன்று கண்டன.

வெள்ளத்தைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம். விழுந்த மரத்தைப் பற்றிப் பேசுவாரில்லை.

இதே பெண்ணை கடலைச் சேரும் கடலூர்ச் சீமையை 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் தாக்கியது. பண்ருட்டியின் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. தஞ்சாவூர் வீணை செய்கிறவர்கள் பண்ருட்டிப் பலாவைத் தேடி வருவார்கள். அப்படிப்பட்ட மரம் விறகு விலைக்குப் போயிற்று. குற்றம் மரத்தினுடையது அல்ல. ஒரே இரவில் எல்லார் தோப்பும் சாய்ந்தால் ஊர் முழுவதும் விற்பவர்கள், வாங்குபவரோ சிலர். விலை ஏறட்டும் என்று காத்திருந்தால் வண்டும் பூஞ்சையும் காத்திருப்பதில்லை.

2005 ஜனவரியில் ஸ்வீடன் நாட்டின் தென்பகுதியைக் ‘குத்ரூன்’ புயல் அலைக்கழித்தது. ஒரே இரவில் ஏறத்தாழ 7.5 கோடி கன மீட்டர் மரம் விழுந்தது. அந்நாடு ஓராண்டில் வெட்டும் மரத்துக்கு ஈடானது அது. அங்கே சிறு காட்டுக்காரர்களுக்கு 1938-லேயே தோன்றிய ‘சோத்ரா’ என்ற கூட்டுறவுச் சங்கம் இருந்தது. உறுப்பினர்களின் மரத்தை அது எடுத்துச் சேர்த்தது. பழைய விமானத் தளம் ஒன்றில்கூட மலைபோல் மரக்கட்டைகளை அடுக்கி, இடைவிடாமல் நீர் தெளித்தார்கள். ஈரக் கட்டையை வண்டு துளைக்காது, வெடிப்பும் விழாது. ஆக, அவசரத்தில் விற்கவேண்டிய கட்டாயம் நீங்கியது. வெட்டிய இடத்தில் மறுபடி காடு வளர்த்தாக வேண்டும் என்று 1903-லேயே சட்டம் செய்துகொண்ட நாடு அது.

நமக்கும் கூட்டுறவு புதிதல்ல. 1904-லேயே திரூரில் சங்கம் கண்டவர்கள் நாம். 1976 வரை ஜாகிர்தார்கள் கையில் இருந்த கல்வராயன் மலையிலும் மலைவாழ் மக்களுக்குப் பெரும் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. கடுக்காய்க்கும் புளிக்கும் சங்கம் விலை பேசலாம் என்றால், பட்டா நிலத்தில் புயல் சாய்த்த பலாவுக்குப் பேசக் கூடாதா? ஒரு பொதுக் களம், ஓர் அறுவை மில், விற்ற பணத்தில் கன்றுக்கு ஒரு பங்கு: இவ்வளவுதான் வேண்டும்.

புயலைத் தடுக்க மனிதனால் ஆகாது. அதற்கு மறுநாள் வந்து நிற்கும் விறகு வியாபாரியிடம் நியாய விலை கேட்க, நாலு பேர் சேர்ந்தால் ஆகும்.