பனியை வென்ற பேரிக்காய்

பேரிக்காய் குளிர்ப் பிரதேசத்து மரம் என்பது அனைவரும் அறிந்ததே. ஆனால் மத்திய ரஷ்யாவின் கடுங்குளிரைச் சுவையான பேரிக்காய் ரகங்களால் தாங்க முடியவில்லை. அந்தக் குறையைத் தீர்க்க வாழ்நாள் முழுதும் பாடுபட்டவர் இவான் மிச்சூரின் (1855-1935).

மாஸ்கோவுக்குத் தென்கிழக்கே சுமார் 400 கி.மீ. தொலைவில் உள்ள கஸ்லோவ் என்ற ஊரில் இவர் ரயில்வே எழுத்தராகப் பணியாற்றினார். சம்பளம் போதாமல் கடிகாரங்களும் பழுது பார்த்தார். 1875-ல் ஒரு சிறு தோட்டத்தை வாடகைக்கு எடுத்துப் பழமரங்களை வளர்க்கத் தொடங்கினார்.

தெற்கத்தி ரகங்களை உள்ளூர்க் கன்றுகளில் ஒட்டுக் கட்டினால் அவை மெல்லக் குளிருக்குப் பழகிவிடும் என்பது அக்கால நம்பிக்கை. மிச்சூரினும் அதை நம்பினார். ஆனால் பல ஆண்டு உழைப்பு பனியில் கருகிப் போனது.

அதன் பிறகே அவர் கலப்பினத்தின் பக்கம் திரும்பினார். ரஷ்யாவின் கிழக்குக் கோடியில் வளரும் உசூரி காட்டுப் பேரிக்காய் சிறியது, துவர்ப்பானது. ஆனால் எந்தக் குளிருக்கும் அசையாதது. 1903-ல் அதனுடன் 'பெரே ராயல்' என்ற சுவையான ரகத்தைக் கலந்தார். அதன் விதையிலிருந்து புதிய குளிர்காலப் பேரிக்காய் பிறந்தது.

1932-ல், அவர் வாழும்போதே, கஸ்லோவ் நகரம் மிச்சூரின்ஸ்க் ஆனது.

குளிர் நாடுகளில் வீட்டுத் தோட்டத்தில் பேரிக்காய் நடுவோருக்கு அவரது தோல்வி இன்றும் ஒரு பாடம். வேர் மட்டும் குளிரைத் தாங்கினால் போதாது. அதில் ஒட்டும் ரகமும் தாங்க வேண்டும்.