ஹேம்பிள்டன் மந்தைவழி

இங்கிலாந்தின் வடக்கு யார்க்சயரில், நார்த் யார்க் மூர்ஸ் தேசியப் பூங்காவின் மேற்கு விளிம்பில் ஹேம்பிள்டன் குன்றுகள் வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கின்றன. இவற்றின் முகட்டை ஒட்டிச் செல்லும் பழம்பாதையே ஹேம்பிள்டன் மந்தைவழி. ஸ்காட்லாந்தில் வாங்கப்பட்ட மாடுகள் இவ்வழியே தெற்கிலுள்ள சந்தைகளுக்கு நடத்திச் செல்லப்பட்டன. 1707-இல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஒன்றிணைந்த பின் இவ்வணிகம் பெருகியது. மாடுகளில் பல லண்டன் சிமித்ஃபீல்டு சந்தை வரை சென்றன.

ஆஸ்மதர்லி என்ற ஊருக்கு அருகிலுள்ள ஸ்கொயர் கார்னரிலிருந்து தெற்கே நடப்பவர், பிளாக் ஹேம்பிள்டன் குன்றின் மேற்குத் தோளில் ஏறுகிறார். குன்றின் உயரம் சுமார் 400 மீட்டர்தான். ஏற்றமும் மூச்சு முட்டவைப்பதன்று. தட்டையான உச்சி பாதையிலிருந்து சற்று விலகி, ஹெதர் புதர்களுக்கு நடுவே இருக்கிறது. ஏறுபவரின் கண்ணில் முதலில் படுவது பாதையின் அகலம். ஆள் நடக்க இவ்வளவு இடம் வேண்டியதில்லை. மந்தை பரவி மேய்ந்துகொண்டே செல்லத்தான் வேண்டும்.

மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் சமவெளி. அங்கே நல்ல சாலை இருக்க, மந்தையோட்டிகள் ஏன் குன்றேறினார்கள்? 18-ஆம் நூற்றாண்டில் சமவெளிச் சாலைகளில் சுங்கச் சாவடிகள் பெருகின. மாடுகளை எண்ணி வரி வாங்கினார்கள். குன்றின் மேல் சாவடி இல்லை. புல்லும் செலவில்லாமல் கிடைத்தது. ஆனால் சுங்கத்தை மட்டும் காரணமாகச் சொல்வது போதாது. மாட்டின் குளம்பும் ஒரு காரணம். கல் பரப்பிய சாலை குளம்பைத் தேய்க்கும். நொண்டும் மாடு விலை போகாது. அதனால் நெடுந்தூரம் போகும் மாடுகளுக்கு, நம் வண்டிமாடுகளுக்கு அடிப்பதுபோலவே, லாடம் அடித்தார்கள். பிளவுபட்ட குளம்பு என்பதால் ஒரு காலுக்கு இரண்டு துண்டு, ஆக மாட்டுக்கு எட்டு. புல்தரையில் இந்தத் தேய்மானம் குறைவு. நாளொன்றுக்கு 16 முதல் 20 கிலோமீட்டர் வரை மெதுவாக நடத்தினால்தான் மாடு இளைக்காமல் சந்தை சேரும். உடல் இளைத்தால் லாபமும் இளைத்துவிடும்.

வழியில் தங்கிச் செல்ல விடுதிகள் இருந்தன. செக்கர்ஸ் என்ற விடுதியின் பலகை, நாளை வந்தால் மது இலவசம் என்று அறிவித்தது. ‘இன்று ரொக்கம், நாளை கடன்’ என்று எழுதிவைக்கும் நம்மூர்க் கடைக்காரர்களுக்கு இந்த வேடிக்கை உடனே புரியும். பிளாக் ஹேம்பிள்டனுக்குத் தெற்கே இருந்த லைம்கில்ன் ஹவுஸ் விடுதி இன்று இடிபாடாகக் கிடக்கிறது.

1841-இல் யார்க்குக்கும் டார்லிங்டனுக்கும் இடையே, இதே சமவெளியின் ஊடாக, ரயில் ஓடத் தொடங்கியது. வாரக்கணக்கில் நடந்த தூரத்தை மாடுகள் ரயில் பெட்டிகளில் விரைவாக, எடை குறையாமல் கடந்தன. அதன்பின் மந்தைகள் குறைந்து, ஒருநாள் நின்றே போயின. 1969-இல் திறக்கப்பட்ட, சுமார் 175 கிலோமீட்டர் நீளமுள்ள கிளீவ்லாந்து வே நடைபாதை இந்தப் பழைய வழியின் ஒரு பகுதியைப் பயன்படுத்திக்கொள்கிறது. இப்போது இங்கே மேய்பவை பெரும்பாலும் செம்மறியாடுகளே.