சியா விதை

சியா விதை என்பது துளசிக் குடும்பத்தைச் சேர்ந்த சால்வியா ஹிஸ்பானிகா என்னும் ஓராண்டுச் செடியின் விதை. மெக்சிகோவின் நடு, தென் பகுதிகளும் குவாத்தமாலாவும் இதன் தாயகம். கர்நாடகத்தில் 2010களின் தொடக்கத்தில் மைசூரு வட்டாரத்து வயல்களில் இது வேரூன்றியது. இன்று பெங்களூரில் மளிகைக் கடைகளிலும் கிடைக்கும் பொருளாகிவிட்டது. நார்ச்சத்தும் தாவர வகை ஒமேகா-3 கொழுப்பும் ஒருங்கே மிகுந்திருப்பது இதன் தனிச்சிறப்பு.

செடியும் விதையும்

செடி ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம் வளரும். கதிர்போல் நீண்ட பூங்கொத்துகளில் ஊதா அல்லது வெள்ளைப் பூக்கள் மலரும். பகற்பொழுது குறையும் பருவத்தில்தான் இது பூக்கும். விதை சுமார் 2 மில்லிமீட்டர் நீளமுள்ளது. கருஞ்சாம்பல் நிறத்தில் புள்ளிகளோ வரிகளோ கொண்டது. வெள்ளை வகையும் உண்டு. நீரில் இட்டால் மேற்தோலிலிருந்து பசை கசிந்து, விதை தன் எடையைப்போல் சுமார் 10 மடங்கு நீரைப் பிடித்துவைக்கும்.

வரலாறு

மெக்சிகோவின் ஆஸ்டெக் மக்களுக்கு மக்காச்சோளம், அவரை, தண்டுக்கீரை விதை ஆகியவற்றோடு சியாவும் முதன்மை உணவாக இருந்தது. ஆட்சியாளர்களுக்குத் திறையாகவும் அது செலுத்தப்பட்டதை 16ஆம் நூற்றாண்டின் மெண்டோசா சுவடி காட்டுகிறது. ஸ்பானியர் அவர்களை வென்றபின் சாகுபடி சுருங்கியது. 1991இல் அர்ஜென்டினாவின் வடமேற்கில் தொடங்கிய ஆய்வுத் திட்டம் இதை மீண்டும் வணிகப் பயிராக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் ரொட்டியில் சேர்க்கவும், 2013இல் நாளுக்கு 15 கிராம் வரை தனியாக உண்ணவும் இதற்கு அனுமதி அளித்தது.

கர்நாடகத்தில் சாகுபடி

மைசூரில் 1950இல் நிறுவப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம், சியாவை இந்தியச் சூழலுக்கு ஏற்ப ஆராய்ந்து உழவர்களுக்கு விதை வழங்கியது. சியாம்பியன் பி-1 என்ற கறுப்பு வகையும் சியாம்பியன் டபிள்யூ-83 என்ற வெள்ளை வகையும் அங்கே உருவானவை. எச்.டி. கோட்டே உள்ளிட்ட மைசூரு மாவட்டப் பகுதிகளிலும் அடுத்துள்ள சாமராஜநகரிலும் இது மானாவாரி நிலத்துக்கு ஏற்ற பயிராகப் பரவியது.

ஆகஸ்ட், செப்டம்பரில் விதைத்தால் மூன்று, நான்கு மாதங்களில் அறுவடையாகும். தண்ணீர்த் தேவை குறைவு. இலையின் எண்ணெய் மணத்தால் பூச்சித் தொல்லையும் குறைவு. கர்நாடகத்தைத் தவிர மத்தியப் பிரதேசத்திலும் இது விளைகிறது. அங்குள்ள நீமச் நகரச் சந்தை இதன் முக்கிய வணிக மையம்.

சத்துக்கள்

100 கிராம் சியாவில் சுமார் 486 கலோரி ஆற்றல், 34 கிராம் நார்ச்சத்து, 31 கிராம் கொழுப்பு, 16.5 கிராம் புரதம், 630 மில்லிகிராம் கால்சியம், 335 மில்லிகிராம் மக்னீசியம், 7.7 மில்லிகிராம் இரும்பு உள்ளன. கொழுப்பில் பாதிக்கு மேல் ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் என்னும் ஒமேகா-3.

ஆனால் எவரும் ஒரே நாளில் 100 கிராம் உண்பதில்லை. 15 கிராமில் கிடைப்பது 5 கிராம் நார்ச்சத்து, 2.7 கிராம் ஒமேகா-3, 95 மில்லிகிராம் கால்சியம், 73 கலோரி. பெரியவர்கள் நாளுக்கு 25 கிராம் நார்ச்சத்தாவது உண்ண வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2023இல் பரிந்துரைத்தது. அதில் ஐந்தில் ஒரு பங்கை இந்தச் சிறிய அளவே தந்துவிடுகிறது.

உடல்நலப் பயன்கள்

செரிமானம்: ஊறிய விதையின் பசை மலத்தை இளக்கி மலச்சிக்கலைக் குறைக்க உதவுகிறது.

இரத்தச் சர்க்கரை: அதே பசை உணவிலுள்ள மாவுச்சத்து செரிக்கும் வேகத்தைத் தணிப்பதால், உண்டபின் சர்க்கரை ஏறுவது மட்டுப்படுகிறது. அரிசி மிகுந்த உணவு உண்போருக்கு இது கருதத்தக்க பயன்.

இதயம்: டொரன்டோவில் இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 20 பேரிடம் 12 வாரம் நடந்து 2007இல் வெளியான ஆய்வில், சியா உண்டபோது இரத்த அழுத்தத்தின் மேல் அளவு குறைந்தது. தாவர ஒமேகா-3, மீனெண்ணெயில் உள்ள வடிவங்களாக உடலில் மிகக் குறைவாகவே மாறுகிறது. எனவே மீனுக்கு முழு மாற்றாக இதைக் கொள்ள முடியாது. மீன் உண்ணாதவர்களுக்கோ இது நல்ல ஒமேகா-3 மூலம்.

உடல் எடை: இங்கே ஆய்வு முடிவுகள் வேறுபடுகின்றன. நாளுக்கு 50 கிராம் வீதம் 12 வாரம் உண்டவர்களிடம் எடை மாற்றம் இல்லை என்று 2009இல் வெளியான அமெரிக்க ஆய்வு கண்டது. நீரிழிவும் மிகு எடையும் உள்ளவர்களிடம் ஆறு மாதம் நடந்து 2017இல் வெளியான டொரன்டோ ஆய்வில், கலோரி குறைத்த உணவோடு சியா உண்டவர்கள் சராசரியாக 1.9 கிலோ இழந்தார்கள். ஒப்பீட்டுக் குழுவினர் 0.3 கிலோ மட்டுமே இழந்தார்கள். சியா மட்டும் எடையைக் கரைப்பதில்லை. அளவான உணவுக்கு அது துணை நிற்கிறது.

உண்ணும் முறை

ஒரு மேசைக்கரண்டி விதையை ஒரு தம்ளர் நீரில் அரை மணி நேரமாவது ஊறவைத்து உண்பது எளிய வழி. மோர், ராகிக் கஞ்சி, எலுமிச்சைச் சாறு, பழக்கலவை ஆகியவற்றில் சேர்க்கலாம். பொடித்து தோசை மாவிலும் சப்பாத்தி மாவிலும் கலக்கலாம். பொடித்த விதையிலிருந்துதான் ஒமேகா-3 உடலில் நன்கு சேர்கிறது. பொடி விரைவில் சிக்கு வாடை அடிக்கும் என்பதால் அவ்வப்போது சிறிதளவு அரைப்பது நல்லது.

எச்சரிக்கைகள்

உலர்ந்த விதையை அப்படியே விழுங்கக் கூடாது. அமெரிக்காவில் ஒருவர் உலர்ந்த சியாவை விழுங்கித் தண்ணீர் குடித்தபோது அது உணவுக்குழாயிலேயே உப்பி அடைத்துக்கொண்டது. இது 2014இல் மருத்துவ மாநாடு ஒன்றில் பதிவானது. விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களும் குழந்தைகளும் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். திடீரென மிகுதியாக உண்டால் வயிறு உப்பும். ஒரு தேக்கரண்டியில் தொடங்கி மெல்லக் கூட்டலாம், தண்ணீரும் போதிய அளவு குடிக்க வேண்டும். இரத்த அழுத்தம், நீரிழிவு, இரத்த உறைவு ஆகியவற்றுக்கு மருந்து உட்கொள்வோர் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நலம். எள், கடுகு ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

ஒத்த உள்ளூர் விதைகள்

பலரும் சியாவையும் சப்ஜாவையும் ஒன்றெனக் கொள்கிறார்கள். சப்ஜா, திருநீற்றுப்பச்சிலையின் விதை, கன்னடத்தில் காமகஸ்தூரி. அது முழுக் கறுப்பு. நீரில் இட்ட சில நிமிடங்களிலேயே உப்பும். ஃபலூடாவில் சேர்வது அதுவே. ஆளி விதையில் ஒமேகா-3 சியாவைவிடச் சற்று மிகுதி, விலையும் குறைவு. வட கர்நாடகத்தார் அதைச் சட்னிப் பொடியாக இடித்துச் சோள ரொட்டியோடு தொன்றுதொட்டு உண்கிறார்கள். பெங்களூரின் வட கர்நாடக உணவகங்களிலும் அது கிடைக்கும். கேழ்வரகு 100 கிராமில் சுமார் 360 மில்லிகிராம் கால்சியம் தருகிறது. களியாக, கன்னடத்தில் முத்தை எனப்படும் களியுருண்டையாக நிறைய உண்ணப்படுவதால், ஒரு கரண்டி சியாவைவிட ஒரு ராகி முத்தையிலிருந்தே கூடுதல் கால்சியம் கிடைக்கும்.

மதிப்பீடு

சியா மருந்து அன்று, நல்ல உணவு. ராகி, கீரை, பருப்பு, ஆளி விதை இருக்கும் தட்டில் நாளுக்கு ஒரு மேசைக்கரண்டி ஊறிய சியாவும் சேர்ந்தால் பலன் உண்டு. அவற்றை விலக்கிவிட்டுச் சியாவை மட்டும் நம்பினால் இழப்பே மிஞ்சும்.